மீட்டர் இல்லாத நாட்களின் அளவுகள்

என் பெயர் அக்சா. வயது 33. கணவர் பெயர் ஜெஸ்டன். காட்பாடியில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். முதல் தகவல் அறிக்கையில் கண்ட ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் ஆறு வருடங்களாகப் பாதுகாப்புப் பிரிவு எழுத்தராக வேலை செய்து வருகிறேன். நான் சொல்லப்போவது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்று நீதித்துறை நடுவர் அவர்கள் எச்சரித்து, யோசிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுத்தார்கள். யோசித்துவிட்டுத்தான் இன்று 19.9.2025 வந்து நிற்கிறேன்.

கடந்த 10.9.2025 அன்று காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். எங்கள் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி இறந்த கன்னியப்பன், அனுமதிச் சீட்டு வருவதற்கு முன்பே தன் இஷ்டத்துக்கு இறங்கினார் என்று அதில் சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்தப் பொய் எப்படி வந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

கன்னியப்பன் திமிரி பக்கத்துக் கிராமத்துக்காரர். வயது 51. மாதம் ஒரு முறை தொட்டியில் இறங்கிச் சேறு வாருவது அவர் வேலை. நான் தினமும் காலை ஏழரை மணிக்கு வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் விட்டு, மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் அளவெடுப்பேன். அவர் இறங்கும் நாளில் அளவு சரியாக இருந்தால் அனுமதிச் சீட்டு எழுதித் தருவேன். அதைத் தொட்டி மூடியில் கிளிப் போட்டு மாட்டிய பிறகுதான் அவர் இறங்குவார். மேலாளர் செந்தில்குமார் அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். "அக்சாம்மா பேப்பர் வர்ட்டும் சார். அது வராம நான் காலை வைக்க மாட்டேன்" என்பார். சீட்டில் உள்ள எண்களை அவர் படிப்பதில்லை. கீழே என் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

இந்த வருடம் ஜனவரியில் கம்பெனி ஏ.ஐ. மென்பொருள் ஒன்றை வாங்கி அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தது. மூன்று மணி நேர வேலையை இருபது நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று செந்தில்குமார் கூட்டம் போட்டுச் சொன்னார். நான் முடித்தேன். பதினான்கு பதிவேடுகளை வைத்துக்கொண்டு மாரடித்தவளுக்கு அது பெரிய விடுதலை என்பதை மறைக்க மாட்டேன். மதியம் சாப்பாட்டை உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது அதன் பிறகுதான்.

அதன் பிறகு ஜூலையில் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். மீட்டர் அளவை என் செல்போனில் போட்டால் ஏ.ஐ. அதைப் பதிவேட்டில் ஏற்றும். அன்றைக்குத் தொட்டி சுத்தம் செய்யும் நாள் என்று காலண்டரில் இருந்து, அளவும் சரியாக இருந்தால், அனுமதிச் சீட்டு என் பெயரோடு தொட்டி ஷெட்டில் உள்ள பிரிண்டரில் தானாக வந்துவிடும். நான் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. இந்த யோசனைக்காக என்னைக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.

அதன் பிறகு 18.8.2025 அன்று மீட்டர் பழுதாகிச் சென்னைக்கு அனுப்பப்பட்டது. எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். வெளிநாட்டு வாங்குபவர்களின் ஆடிட் 11.9.2025 அன்று இருந்தது. அவர்கள் தினசரி அளவைக் கேட்பார்கள். நான் செந்தில்குமாரிடம் சொன்னபோது அவர், "ஆறு மாச அளவு அதுக்குள்ள இருக்குல்ல? அதையே பாத்து எழுதிக்கச் சொல்லு. இதுக்குப் போய் இன்னா பேஜார்?" என்றார். தொட்டி சுத்தம் 15ஆம் தேதிதான், அதற்குள் மீட்டர் வந்துவிடும் என்று நானும் சம்மதித்தேன். மீட்டர் வரும்வரை தினமும் காலை ஏழரைக்கு முந்தைய நாட்களைப் போல அளவு எழுதும்படி ஏ.ஐ.க்கு எழுதிக் கொடுத்தேன்.

அது எழுதிய அளவுகளைப் பார்த்து எனக்கே திகைப்பாக இருந்தது. நான் பொய்யாக எழுதியிருந்தால் எல்லா நாளும் ஒரே எண்ணைப் போட்டிருப்பேன். அது மழை பெய்த நாளில் கொஞ்சம் ஜாஸ்தி, ஞாயிறு லீவு முடிந்த மறுநாள் கொஞ்சம் கம்மி என்று போட்டது. என் கையெழுத்துப் பதிவேட்டைவிட அது நம்பும்படியாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், "இவை மதிப்பிடப்பட்ட எண்கள், அளந்தவை அல்ல" என்று ஒரு வரியையும் சேர்த்தது. அந்த வரி இனி எங்கும் வரக்கூடாது என்று சொன்னது நான்தான். அதன் பிறகு வரவில்லை.

ஜூலையில் செய்த ஏற்பாட்டை நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதை யார் மீதும் போடுவதற்கில்லை.

8.9.2025 மாலை நான் வீட்டுக்குப் புறப்பட்ட பிறகு, ஆடிட்டுக்கு முன் தொட்டி சுத்தமாக இருக்கட்டும் என்று செந்தில்குமார் காலண்டரில் 15 என்பதை 9 என்று மாற்றியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. மீட்டர் இல்லாததால் அந்த நாட்களில் நான் அடுத்த ரயிலில்தான் போனேன். மறுநாள் காலை அது ஆம்பூருக்கு முன் மேல்பட்டியில் சிக்னலுக்காக நின்றுவிட்டது. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொட்டி மேஸ்திரி ரஃபி அகமதுவிடமிருந்து செல்போனில் செய்தி வந்தது. "பேப்பர் வந்துருச்சு. எறங்குறோம்."

எந்தப் பேப்பர் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. ஏ.ஐ. எழுதிய பொய் அளவுக்கு என் பெயரில் சீட்டு தானாக வந்திருக்கிறது என்று புரிந்ததும் ரஃபி அகமதுவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தீப்பொறி பயத்தால் தொட்டி வேலை செய்பவர்கள் செல்போனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்த விதியை எழுதி ஒட்டியதும் நான்தான்.

அதன் பிறகு செந்தில்குமாருக்குப் போன் செய்து, "சார், யாரும் அளக்கல. எறங்க வேணாம்னு சொல்லுங்க" என்றேன். அவர், "இரு, பாக்கறேன்" என்றார். கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நார்மல்னுதானே இருக்குது? மூணு எடத்துலயும் கம்மியாத்தான் காட்டுது" என்றார். "அது பொய் அளவு சார், நீங்கதானே எழுதச் சொன்னீங்க" என்று கத்தினேன். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மறுபடியும் கம்ப்யூட்டரைத் தட்டினார். பிறகு, "இன்னிக்கி தேதி போட்டு இருக்குதேம்மா" என்றார். அது பொய் அளவுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. எழுதச் சொன்ன ஆளே அதை நம்பினார். அவர் எழுந்து ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு இருபது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரயில் அதுவரை மேல்பட்டியிலேயே நின்றது.

ரஃபி அகமது இப்போது வேலூரில் மருத்துவமனையில் இருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அவர் சொன்னது இது: "மீட்டர் வந்துருச்சு, நீ சீக்கிரமே வந்து அளந்துட்டேன்னு நெனச்சோம்மா. கன்னியப்பன் பேப்பரைப் பாத்தான். உன் பேரு இருந்துச்சு. இன்னிக்கி நாத்தமே இல்லடா, நல்ல வேளைன்னு சொல்லிட்டு எறங்குனான்." அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். அளவுக்கு மீறினால் மூக்கு செத்துவிடும், ஒன்றுமே தெரியாது. மூன்றாவது படியில் கன்னியப்பன் பிடியை விட்டதாகவும், அவரைப் பிடிக்கக் குனிந்ததுவரைதான் தனக்கு நினைவு இருப்பதாகவும் ரஃபி அகமது சொன்னார்.

9.9.2025 அன்று மதியம் செந்தில்குமார் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். போலீஸ் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும், ஆனால் ஒரே மாதிரி தெரியக்கூடாது என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் ஏ.ஐ.யில் தட்டினேன். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, ரஃபி அகமதுவுக்கு ஆம்பூர் பேச்சில் ஒன்று என்று மூன்று வாக்குமூலம் ஒரு நிமிடத்தில் வந்தது. என்னுடையதில், நான் இரண்டு முறை தடுத்ததாகவும், அதற்குக் கன்னியப்பன் "பதினஞ்சு வருஷமா எறங்கறேன், எனக்குத் தெரியாதா?" என்று சொன்னதாகவும் இருந்தது. அவர் அப்படி ஒருபோதும் பேசியதில்லை. ஆனால் படித்தபோது அவர் குரலிலேயே கேட்டது. எனக்கு இரண்டு பிள்ளைகள், வேலையும் போய் ஜெயிலுக்கும் போக வேண்டுமா என்ற பயத்தில் அதை மனப்பாடம் செய்து மறுநாள் காவல் நிலையத்தில் ஒப்பித்தேன்.

அதன் பிறகு 16.9.2025 மாலை கன்னியப்பனின் மனைவி கெங்கம்மாள் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே எறங்கிட்டாருன்னு சொல்றாங்கம்மா. ஊர்ல எல்லாரும் திமிர் புடிச்ச ஆளுன்னு பேசறாங்க. எம் பெரிய பையனும் அப்பா ஏன் இப்படி பண்ணுச்சுன்னு கேக்கறான். அவரு அப்படி செய்ற ஆளா? நீ சொல்லு" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது மனப்பாடம் செய்த வரி. நான் இரண்டு முறை தடுத்தேன், அவர் பதினைந்து வருடமாக இறங்குகிறேன் என்று சொன்னார் என்றேன். தடங்கலே இல்லாமல் வந்தது.

கெங்கம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போகும்போது தன் புருஷனைத் திட்டிக்கொண்டே போனார். தெருமுனை திரும்பும்வரை அது எனக்குக் கேட்டது.

மேலே கண்டவை அனைத்தும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல், எந்தத் தாளையும் பாராமல், என் வாயால் நான் சொன்னவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கன்னியப்பன் அனுமதிச் சீட்டு வந்த பிறகே இறங்கினார் என்ற வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
அக்சா ஜெஸ்டன்
19.9.2025