சவுக்காரக் கம்பெனிச் சங்கும் நான்கு நிமிடமும்

நாற்பத்தொரு புகார் மனு எழுதிய நற்கரத்தாலேயே இன்று நினைவுச்சின்னம் காக்கப் புறப்பட்டிருக்கும் அவைத்தலைவர் ஆடிட்டர் சுந்தரராமன் அவர்களே! புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தே கழுத்துச் சுளுக்கிக்கொண்ட பெரியோர்களே! ஒரு காலத்தில் அதன் கரி படிந்த வேட்டியை மூன்று முறை அலசி, மூன்று முறையும் முதலாளியின் முன்னோரை முறையாக விசாரித்த தாய்மார்களே! மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று தெரிந்தும் என்னை அழைத்துத் தொலைத்த புகைபோக்கிப் பாதுகாப்புப் பேரவையினரே! நாற்காலி கிடைக்காமல் கடைசியில் நிற்கும் என் கம்பெனித் தோழர்களே! அனைவருக்கும் மாலை வணக்கம்.

அழைப்பிதழில் என்னைச் 'சொற்கொண்டல்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். நன்றி. ஆனால் நான் மந்தைவெளி சவுக்காரக் கம்பெனியின் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்குக் கேட்டுக்குள் கால் வைத்தார் என்று இருபத்தாறு ஆண்டுகள் எழுதியவன். கேட் மீட்டிங்கில் அடுக்குமொழி பேசி மூன்று முறை மெமோ வாங்கியவன். கம்பெனியை மூடியதும் மூட்டை முடிச்சோடு கே.கே. நகருக்குக் குடிபோய்விட்டு, அங்கிருந்து ஆட்டோவில் வந்து மந்தைவெளிப் பற்றைப் பற்றிப் பேசுகிறவன். ஆகவே இன்று இங்கே விழும் அடியில் எனக்கும் பங்கு உண்டு.

அன்பர்களே, அந்தப் புகைபோக்கி புகை விட்டபோது நமக்கும் அதற்கும் பகை. புகை நின்ற பிறகு என்ன ஓர் உறவு! ஓடியபோது அதை ஒழிக்கச் சொன்னோம். ஓய்ந்தபோது ஓவியம் என்கிறோம். வேலை செய்தபோது அது வில்லங்கம். வெறுமனே நிற்கும்போது அது வரலாறு. சோப்பு வாசனையில் சோறு இறங்கவில்லை என்று மனு எழுதியது யார்? அவைத்தலைவர். இன்று "அந்த வாசனை என் இளமை" என்று வரவேற்புரையில் கண் கலங்கியது யார்? அதே அவைத்தலைவர். சிரிக்காதீர்கள். அவருடைய நாற்பத்தொரு மனுக்களையும் கோப்பில் போட்டவன் நான். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வரவேண்டும்.

புகைபோக்கியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். செங்கல் எத்தனை, உயரம் எத்தனை, பாசி எந்தப் பக்கம் என்று புள்ளிவிவரம் பொழிந்துவிட்டார்கள். அதனடியில் இருந்த சங்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. காலை எட்டு மணிச் சங்கு ஊதாமல் மந்தைவெளியில் இட்லி வெந்ததுண்டா? அந்தச் சங்கை வைத்துத்தானே மயிலாப்பூர் எல்லைவரை கடிகாரம் திருத்தினீர்கள்? வானொலியில் மணி வேறாக வந்தபோது என்ன செய்தீர்கள்? வானொலி நான்கு நிமிடம் முந்துகிறது என்று நம் ஆடிட்டர் வானொலிக்கே கடிதம் எழுதினார். பதில் வரவில்லை என்று இன்றும் அவருக்கு வருத்தம்.

ஐயா, பதில் நான் சொல்கிறேன். வானொலி முந்தவில்லை. நம் சங்குதான் பிந்தியது. ஒரு நாள் இரு நாள் அல்ல, பத்தொன்பது ஆண்டுகள், நாள் தவறாமல் நான்கு நிமிடம் பிந்தியது.

முன்வரிசையில் சலசலப்பு கேட்கிறது. தலைவரின் துணைவியார் சூடாமணி அம்மையார் ஏதோ கேட்கிறார். "அப்போ எங்காத்துல நிச்சயதார்த்தத் தட்டு மாத்தினது ராகு காலத்துலயா?" என்கிறார். அம்மா, அது வெள்ளிக்கிழமை. பத்தரைக்குள் மாற்ற வேண்டும் என்று பத்து இருபத்தெட்டுக்கு மாற்றினீர்கள். நானும் பந்தியில் இருந்தேன். உங்கள் கடிகாரத்தில் அது நல்ல நேரம். ஊர்க் கடிகாரத்தில் ராகு வந்து உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. பெண் நன்றாக இருக்கிறாள் அல்லவா? இரண்டு பேரப்பிள்ளைகளா? பிறகென்ன, ராகு நம் பேட்டையில் தொந்தரவு தரவில்லை என்று தெரிகிறது.

சங்கு ஏன் பிந்தியது? அங்கே மேடையில் மாலை போட்டு ஒரு படம் வைத்திருக்கிறீர்களே, பாய்லர் மேஸ்திரி குலாம் முகம்மது, அவர்தான் காரணம். சங்கு ஊதி முடித்ததும் கேட் மூடவேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். மூடிய கேட்டுக்கு வெளியே நின்றால் அரை நாள் போச்சு. வடபழனியிலிருந்து பெண்கள் வரும் பஸ் ஸ்டாப்புக்கு வருவதோ சரியாக எட்டு. அங்கிருந்து கேட்டுக்கு ஓடினால் மூன்று நிமிடம். செருப்பு அறுந்தால் நான்கு. பாய்லர் மேடையில் நின்றால் அந்த ஸ்டாப் தெரியும். குலாம் முகம்மது கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பஸ்ஸைப் பார்த்தார்.

பின்னாலிருந்து பேக்கிங் செக்‌ஷன் பேச்சியம்மாள் குரல் கொடுக்கிறார், கேட்கிறதா? "கடைசி ஆளு உள்ள வந்தாதான் சார் சங்கு ஊதும். எங்குளுக்குத் தெரியும், உங்குளுக்குத்தான் தெரியாது" என்கிறார். உண்மைதான் தாயே. ஓடியவருக்குத் தெரிந்தது, உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லை.

நான் ஒரு நாள் குலாம் முகம்மதுவிடம் கேட்டேன், டைம் ஆபீஸ் திமிரோடு கேட்டேன். அவர் வால்வில் இருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "கடியாரம் சொல்றது எனுக்கும் தெரியும் நைனா. ஆனா அதுங்க ஓடியாந்துகினு கீறது என் கண்ணுக்குத் தெரியுதே, இன்னா பண்ணச் சொல்ற? நீ உன் கடியாரத்தை கொஞ்சம் தள்ளி வச்சுக்க." நான் தள்ளி வைத்தேன். மாலைச் சங்கும் அதே நான்கு நிமிடம் பிந்தியது. முதலாளிக்கு ஒரு நொடியும் குறையவில்லை. அவர் கைக்கடிகாரமும் நம் சங்கைக் கேட்டுத்தானே ஓடியது!

இப்போது இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். மேசையில் இருக்கிறதே, நாளை காலை கோட்டைக்குப் போகப்போகும் மனு, அதில் நாம் எல்லோரும் போன வாரம் கையெழுத்திட்டோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு படிப்பது நம் பேட்டை வழக்கம். அந்த வழக்கப்படி நானும் இன்று மதியம்தான், பேச்சுக்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது படித்தேன். முதல் கோரிக்கை, புகைபோக்கியை இடிக்கக் கூடாது. அருமை. இரண்டாவது, விளக்கொளி வேண்டும். ஆகட்டும், கொசுவுக்கும் பொழுது போகும். மூன்றாவது என்ன தெரியுமா? "சின்னத்தின் முழு எழிலும் சாலையிலிருந்து தெரியும் வண்ணம் அடியிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும்."

ஆக்கிரமிப்பா? அன்பர்களே, எது ஆக்கிரமிப்பு? கம்பெனியே செங்கல் கொடுத்து, கம்பெனியே ஓடு கொடுத்துக் கட்டிய பதினோரு லைன் வீடுகள் ஆக்கிரமிப்பா? இரவும் பகலும் பாய்லரைக் காத்தவர்கள் வாழ்ந்த வீடுகள் உங்கள் எழிலை மறைக்கின்றனவா? கம்பெனி நிலத்தில் அடுக்குமாடி கட்ட வந்தவர் முதல் ஆளாகச் சம்மதித்துவிட்டாராம். சம்மதிக்க மாட்டாரா? தூணை நிற்கவைத்துவிட்டு வீட்டைக் காலி செய்து தருகிறோம் என்றால் கசக்குமா? தூணுக்குக் கீழே காப்பிக் கடை வருமாம். அந்த வீடுகளில் நடு வீடு அமீனா பீ உடையது. குலாம் முகம்மதுவின் மனைவி. புகைபோக்கியை மட்டும் இடிப்பதுதான் பழைய திட்டம், அது நடந்திருந்தால் அவர் வீடு தப்பியிருக்கும். நாம் காப்பாற்றியதால் போகிறது. என்ன பாதுகாப்பு, என்ன பேரவை!

இந்தப் படம் எங்கிருந்து வந்தது? கண்காட்சிக்கு வேண்டும் என்று கேட்டீர்கள். அமீனா பீ ஆணியிலிருந்து கழற்றி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். படத்துக்கு மாலை, அது தொங்கிய சுவருக்குக் கடப்பாரை. மனுவில் பதினேழாவது கையெழுத்து யாருடையது என்று புரட்டிப் பாருங்கள். அமீனா பீ உடையது. நம்மவர்கள்தானே நீட்டுகிறார்கள் என்று வாசிக்காமல் போட்டிருக்கிறார். பதினெட்டாவது என்னுடையது. எனக்கு வாசிக்கத் தெரியும். அதனால்தான் வெட்கமாக இருக்கிறது.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம் முடிந்தது' என்று எழுதியிருக்கிறார். அதே கையெழுத்து, நாற்பத்திரண்டாவது மனு. ஐயா, நேரம் முடிந்ததை நான் மறுக்கவில்லை. டைம் ஆபீஸ்காரன் மறுக்கலாமா? ஆனால் இந்தப் பேட்டை ஒரு மனிதரிடம் பத்தொன்பது ஆண்டுகள் தினமும் நான்கு நிமிடம் வாங்கியிருக்கிறது. அதில் ஒரே ஒரு நாளின் நான்கு நிமிடத்தை இன்று திருப்பிக் கேட்கிறேன். எனக்காக அல்ல, நான் இதோ உட்காரப்போகிறேன். பின்னால் நிற்கும் அமீனா பீ மேடைக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும், முழங்கால் வலி. வழிவிடுங்கள். யாரோ எழுந்து அவர் கையைப் பிடிக்கிறார்கள். சூடாமணி அம்மையாரா? வாழ்க.

ஐயா சுந்தரராமன் அவர்களே, மனு உங்கள் முன்னால் இருக்கிறது, பேனா உங்கள் பையில் இருக்கிறது. மூன்றாவது வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். ஆடிட்டருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அடித்தால் நாளை நானும் உங்களோடு கோட்டைக்கு வருகிறேன். தூணும் நிற்கட்டும், வீடும் நிற்கட்டும் என்று தொண்டை கிழியப் பேசுகிறேன். அடிக்காவிட்டால் என் பெயரை நானே அடித்துவிட்டு வடபழனி பஸ் ஏறுகிறேன். எனக்கென்று வைத்திருக்கும் பொன்னாடையை மடித்தே வையுங்கள். அந்த வரி போன பிறகு அதை அமீனா பீக்குப் போர்த்துங்கள்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் சீட்டு எழுதியவருக்கும், சிரித்த தாய்மார்களுக்கும், சிரிக்காமல் நின்ற என் தோழர்களுக்கும் நன்றி. அவர் பாதி வழி வந்துவிட்டார். கடைசி ஆள் உள்ளே வரும்வரை கேட்டை மூடாதீர்கள் ஐயா. வணக்கம்.