வாத்தியார் திரையில் இருக்கிறார்

தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா, ஐயா? பிளாஸ்கில் இரண்டு பேருக்குக் காணும். புதுச்சேரிக்காரர் ஒருவர் பொலிஸில் இருப்பதும், என்னோடு தமிழிலேயே பேசுவதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

பாரிஸில், இந்த லா சப்பலில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்துவது நான்தான். என் பெயர் சாரதாதேவி. படிப்பிப்பவர் ஞானசுந்தரம் வாத்தியார். கொரோனாக் காலத்தில் தன் பாடங்களை வீடியோவாக எடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டார். யானை என்று சொல்லக் கையைத் தும்பிக்கையாக்கி ஆட்டுவார். பார்த்தால் கல்லும் சிரிக்கும்.

நேரில் அவர் வேறு ஆள். பாதிப் பாடத்தில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார், பிள்ளைகளைக் குரங்குகள் என்பார். அவர்கள் ஒவ்வொருவராக வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டார்கள். வகுப்பை மூடவேண்டி வருமோ என்று நான் அழுதிருக்கிறேன்.

ஒருநாள் சார்செலிலிருந்து வரும் அவருடைய ரயில் இடையில் நின்றுவிட்டது. அவருடைய வீடியோவையே சுவரில் போட்டேன். வகுப்பு முழுக்கத் தும்பிக்கை ஆட்டியது, ஐயா. பிரெஞ்சில் மட்டுமே பதில் சொல்லும் மிருணாளினி, "இன்னொருக்காப் போடுங்கோ, ரீச்சர்" என்றாள். எனக்கே ஆடவேண்டும் போலிருந்தது. ஆடினேன்.

வாத்தியார் மூச்சிரைக்க வந்து வயரைப் பிடுங்கினார். "நான் உயிரோடை நிக்கிறன், என்ரை படத்தை ஏன் போடுறியள்?"

நியாயமான கேள்விதான். ஆனால் வீடியோக்களை அழித்துவிடுவேன் என்றும் சொன்னாரே. அது முதலுக்கே மோசம் இல்லையா?

போன சனிக்கிழமை, பிள்ளைகள் உட்காரக் கதிரை எடுத்துவரச் சொல்லி அவரை நிலவறைக்கு அனுப்பினேன். பூட்டு மாற்றுவது பெரிய வித்தையில்லை, அதற்கும் இலவச வீடியோ இருக்கிறது. அவர் தனிக்கட்டை, தேட ஆளில்லை. கதவுச் சட்டங்களுக்கிடையால் போர்வை கொடுத்தேன், வேளைக்கு இடியப்பம் கொடுத்தேன். பட்டினி போட நான் என்ன அரக்கியா?

இன்று வகுப்பு நிறைந்துவிட்டது. நின்றுபோன பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். "வாத்தியார் இப்பதான் வடிவாப் படிப்பிக்கிறார்" என்று தனோஜனின் அம்மா சொன்னா. சந்தோஷம் தாங்காமல் படியிறங்கி ஓடி, கதவைத் திறந்து அவரிடமே சொன்னேன். அவரைக் கூட்டிவரத்தான் போனேன், சத்தியமாக.

அவர் திட்டத் தொடங்கினார். பழக்கதோஷம், என் கை ரிமோட்டைத் தேடியது. கையில் கதவுதான் இருந்தது. சாத்திவிட்டேன்.

மேல்மாடி ஜிஸ்லேன் அந்தச் சத்தத்தில்தான் உங்களுக்குப் போன் பண்ணியிருப்பாள். சாவி இதோ, என் கைப்பையில். வகுப்பு முடிந்ததும் தருகிறேன். இப்போது அவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் பிள்ளைகளுக்கு அவர்மேல் உள்ள மரியாதை போய்விடும். அவரை மதிக்க என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

கீழே தட்டுவது கேட்கிறது, ஓம். கொஞ்சம் இருங்கள், ஐயா, யானை வரும் இடம் வந்துவிட்டது. சத்தத்தைக் கூட்டிவிட்டு வருகிறேன்.