டஃபிக்கு ஒரு குறையும் வரவில்லை

நாய் வளர்ப்பது செலவு பிடித்த காரியம் என்று யார் யாரோ சொல்வார்கள். வளர்க்காதவர்கள்தான் அதை அதிகம் சொல்வார்கள். நான் பல வருடமாக வளர்க்கிறேன். செலவை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. வீண் செலவுதான் எனக்கு ஆகாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் செம்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

நீங்கள் தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழர் என்று சொன்னீர்கள். நல்லதாகப் போயிற்று. தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் போலீஸ் அதிகாரிக்கு மராத்தியில் எழுதிக் கொடுக்கிற வேலை உங்களுடையது. வக்கீல் என்னை வாயைத் திறக்க வேண்டாம் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு அவர் ஃபீஸ் கேட்கிறார். அதைச் சும்மாவே செய்ய எனக்குத் தெரியும்.

என் பெயர் ஞானசேகரன். இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். காசு வருமென்றால் மனிதர்கள் எப்படியெல்லாம் நோயாளியாக நடிப்பார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

டஃபி எங்கள் லாப்ரடார். வயதாகிவிட்டது, சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும். மனிதர்களுக்குப் போடுகிற அதே மருந்துதான். இந்த வருடம் நாசரேத் பக்கம் எங்கள் ஊர்க் கோவிலில் அசனம், அதாவது சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. நானும் என் மனைவி ஜாயும் ஒரு வாரம் போய்வரத் தீர்மானித்தோம். டஃபியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

மாஹிமிலிருந்து ஷாகிர் என்று ஒரு பையன் வந்தான். நாயைப் பார்த்துக்கொள்வது ஒரு தொழிலாம், அதற்குப் போனில் ஒரு ஆப் இருக்கிறதாம். நாளுக்கு இவ்வளவு, ராத்தங்கினால் இவ்வளவு, ஊசி போட்டால் தனியாக, பண்டிகைக் காலமென்றால் அதற்கு மேலே என்று வாய் கூசாமல் அடுக்கினான். இரண்டாவது சாவி வெளியே ஒருவரிடம் இருக்க வேண்டுமாம். அவனுக்கே உடம்பு முடியாமல் போனால் வேறு ஆள் உடனே வந்து நிற்பானாம். அதற்கும் சேர்த்துத்தான் இந்த ரேட் என்றான். நாயைப் பார்க்க வருகிறவனுக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கும் நான் அழ வேண்டும். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். கொடுத்துவிடலாமே என்று ஜாய் முணுமுணுத்தாள். அவள் சம்பாதித்திருந்தால் கொடுத்திருக்கலாம்.

எனக்கு ஒரு மதினி உண்டு, சேசம்மாள். பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் செத்துப் பல வருடமாகிறது, பிள்ளை குட்டி இல்லை. தாராவியில் ஏணி வைத்து ஏறுகிற ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். முன்பும் நாங்கள் வெளியூர் போனபோது வந்து டஃபியோடு இருந்திருக்கிறார். அவருக்கும் சர்க்கரை, அவரும் ஊசி போட்டுக்கொள்கிறவர். ஆகையால் நாய்க்கு ஊசி போட அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

டஃபிக்கும் அவரைப் பிடிக்கும். "ஏலே, ஒனக்கும் சீனி கூடாது, எனக்கும் சீனி கூடாது. இவுக காபி குடிக்கிறத நாம ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்" என்பார். கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டு.

எவ்வளவு கொடுத்தேன் என்று உங்கள் அதிகாரி கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை. சொந்தக்காரிக்குக் கூலி கொடுப்பது அவரை வேலைக்காரி என்று சொல்வதற்குச் சமம். எங்கள் குடும்பத்தில் யாரும் அவரை அப்படி அவமதித்ததில்லை. இந்தத் தடவை அவரும் அசனத்துக்கு வர ஆசைப்பட்டார். அண்ணன் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அடுத்த வருடம் பார்க்கலாம் மதினி என்றேன். சரி தம்பி என்றார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

கதவைப் பூட்டிய விஷயத்துக்கு வருகிறேன். முன்பு ஒருமுறை ஜெபக்கூட்டம் என்று தாராவிக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்பினார். டஃபியின் ஊசி தாமதமாகிவிட்டது. அதனால் இந்த முறை வெளிக் கிரில் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அரிசி, பருப்பு, காய்கறி, டஃபியின் தீனி எல்லாம் உள்ளே இருந்தன. டஃபி ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் பால்கனியிலேயே போய்ப் பழகியவன். கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்பதால் எங்கள் மாடியில் மற்ற வீடுகள் காலி. சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. மதினி கிரிலுக்கு உள்ளே நின்று, பத்திரமாகப் போய்வரச் சொல்லி எங்களுக்காக ஜெபித்தார்.

ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு ஏன் இரண்டு வாரம் இருந்தேன் என்று கேட்டீர்கள். ஜாயின் அண்ணன் கன்னியாகுமரிக்கு அழைத்தான். ஊருக்குப் போனால் நாலு வீட்டுக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். டிக்கெட்டை மாற்றினேன். மதினிக்குப் போனில் சொன்னேன். "எம் மருந்து ஒரு வாரத்துக்குத்தான் கொண்டாந்தேன் தம்பி" என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அது தீர்ந்த மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"தலை கிறுகிறுன்னு வருது தம்பி. தண்ணி குடிச்சிக் குடிச்சி மாளல. டஃபி குப்பியில எனக்கும் கொஞ்சம் எடுத்துக்கிடட்டுமா?"

"அது அவனுக்கு அளந்து வாங்கினது மதினி. அவன் வாயில்லாச் சீவன். அவனுக்குக் குறைஞ்சா யார்ட்டச் சொல்லுவான்? நீங்க கொஞ்சம் பத்தியமா இருங்க, வந்துருவோம்."

"அப்போ கதவையாவது ஆர வச்சாவது தொறக்கச் சொல்லுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ஓடியாந்துருதேன்."

பூட்டை உடைத்தால் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி முழுக்கத் தெரியும், ஒரு பொம்பளையை உள்ளே வைத்துப் பூட்டினான் என்று என்னைக் கேவலமாகப் பேசுவார்கள், நீங்களும் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றேன். என் மானம் என்றதும் அவர் இறங்கிவிட்டார்.

"நான் ஆர்ட்டயும் சொல்லமாட்டேன் தம்பி. ஒங்களுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது. நீங்க வார வரைக்கும் டஃபிக்கு ஒரு கொறையும் வராது."

அவர் நடிக்கிறார் என்று நினைத்ததாகச் சொல்லுங்கள், கேஸ் லேசாகும் என்கிறார் வக்கீல். எனக்குச் சிரிப்பு வருகிறது. என் தொழில் அது. நடிப்பு எது, நிஜம் எது என்று குரலிலேயே எனக்குத் தெரியும். மதினி நடிக்கவில்லை.

மருந்துக்கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால் பையன் கொண்டு வந்து கிரில் கம்பி வழியாக நீட்டியிருப்பானே, அது உங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். தோன்றியது. கடை எண் என் போனிலேயே இருக்கிறது. ஆனால் அவருக்கு அந்த மருந்து முனிசிபல் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை நான் காசு கொடுத்து வாங்குவானேன்? ஒரு முறை வாங்கிக் கொடுத்தால் அதுவே வழக்கமாகும். அப்புறம் ஒவ்வொரு முறையும் டஃபியைப் பார்க்க வரும்போது மருந்து, பிறகு ஆட்டோ, பிறகு கைச்செலவு என்று நீளும். அந்த மாஹிம் பையனுக்கும் இவருக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

அதற்குப் பிறகும் அழைப்புகள் வந்தன. நான் எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். கடைசியாக ஜாய் என் கையிலிருந்து போனைப் பிடுங்கப் பார்த்தாள். அப்போது கடற்கரையில் இருந்தோம். காற்று நன்றாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். அதன் பிறகு அழைப்பு வரவில்லை. அவருக்குச் சரியாகிவிட்டது என்று ஜாயிடம் சொன்னேன். சரியாகவில்லை என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து கிரிலைத் திறந்தபோது மதினி வாசல் பக்கம் தலை வைத்துத் தரையில் கிடந்தார். உயிர் போய் அதிக நேரம் ஆகியிருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். டஃபி அவர் மேல் முகத்தை வைத்துப் படுத்திருந்தான். அவனுடைய தட்டில் தீனி இருந்தது, தண்ணீர் இருந்தது. முந்தின நாள் வரை இரண்டு வேளையும் ஊசி போட்டிருக்கிறார் என்பது கழற்றிப் போட்டிருந்த ஊசிகளில் தெரிந்தது. ஃப்ரிட்ஜில் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. இருவருக்கும் தாராளமாகப் போதும். அந்த அம்மாள் ஒரு துளி தொடவில்லை.

ஜாய் கத்திக்கொண்டிருந்தாள். நான் முதலில் டஃபிக்குக் காலை ஊசியைப் போட்டேன், நேரம் தாண்டியிருந்தது. பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தேன். அதை ஜாய் உங்களிடம் சொல்லிவிட்டாள் என்று தெரியும். சொல்லட்டும், பொய்யில்லை.

எனவே எழுதிக்கொள்ளுங்கள். பூட்டியது நான். மருந்து இருந்தும் தொடக் கூடாது என்றேன். செத்துப்போவார் என்று தெரிந்துதான் போனை எடுக்காமல் இருந்தேன். இதில் ஜாய்க்குப் பங்கில்லை, அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

நேற்று அவள் என்னைப் பார்க்க இந்த ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் அண்ணன் வீட்டோடு போகப் போகிறாளாம். அதுவரை டஃபிக்கு ஊசி போட ஒரு ஆளை வைத்திருக்கிறாளாம். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். பேரம்கூடப் பேசவில்லை, கேட்டதை அப்படியே கொடுத்திருக்கிறாள். ராத்திரி முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. மதினி மட்டும் உயிரோடு இருந்திருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது.