குடிக்காதவன் லிவர்

இல்லீங்க, நான் குடிக்கறதே இல்லன்னு எத்தன தடவதான் சொல்றது? லிவர்ல கோளாறுன்னு வாயத் தெறந்தாப் போதும், கேக்கறவங்க மூக்கு தானா என் பக்கம் வந்துருது. நீங்களும் இப்ப லேசா மோந்து பாத்தீங்க... பரவால்ல, பழகிப்போச்சு.

ஸ்கூல் வேன் ஓட்டறேங்க. அப்பல்லாம் ஸ்டியரிங் என் வயித்து மேலதான் சாஞ்சிருக்கும், அவ்ளோ ஒடம்பு. டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு, லிவர் பூரா கொழுப்பு, தழும்பு வேற விழ ஆரம்பிச்சிருச்சு, எடை கொறைய இரைப்பையச் சின்னதாக்கற ஆபரேஷன் பண்ணிக்கோன்னார். சரின்னேன். ஒடனே பண்ணுவாங்களா? மாட்டாங்க. லிவர் வீங்கிப்போய் இரைப்பைய மறைச்சிட்டு நிக்குதாம். அது சுருங்கணும்னு சோத்த நிறுத்திட்டு, புரோட்டீன் பவுடரக் கரைச்சுக் குடிக்கச் சொன்னாங்க. ஆக, லிவருக்காக நான் குடிச்சதுன்னா அது ஒண்ணுதான்.

அதுக்குள்ள எங்க மாமனார், மாப்ள குடிச்சே லிவரக் கெடுத்துக்கிட்டார்னு ஊரெல்லாம் சொல்லிட்டார். சொன்னது யாரு... காலையில எந்திரிச்சதும் கிளாஸத் தேடற மனுஷன். பிள்ளைங்களப் பெத்தவங்க பயந்துட்டாங்க. தெனமும் குழாய்ல ஊதிக் காட்டினாத்தான் ஸ்கூல்ல எனக்கு வேன் சாவி.

ஆபரேஷன் ஆச்சு. ஒடம்பு எறங்குச்சு. மறு வருஷம் பாத்தா லிவர்ல கொழுப்பு கரைஞ்சிருக்கு, தழும்பும் கொறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லையாம், எனக்கு ஆச்சு. இப்பவாவது நம்புவாங்கன்னு பாத்தா, 'குடிய விட்டதும் மொகமே தெளிஞ்சிருச்சுப்பா'ன்னு ஆளாளுக்குக் கை குடுக்கறாங்க. எனக்கு வந்த கோவம் இருக்கே... அத விடுங்க.

போன வாரம் மாமனார் எங்க வீட்டுக்கு வந்தார். கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு. ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சார். அப்பறம், "ஒங்களாலயே விட முடிஞ்சிருக்கு மாப்ள. என்னால முடியாதா?"ங்கறார். அந்த ஆளு என்கிட்ட ஒண்ணு கேட்டதே அதுதாங்க மொத தடவ.

நானும் குடிய விட்டவன் மாதிரியே, "ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருந்துச்சு மாமா, போகப்போகச் சரியாயிருச்சு, டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்"னுட்டேன்.

உள்ள ஸ்கேன் அவருக்குத்தான் எடுக்கறாங்க. இப்ப வந்துருவார். வந்து ஒக்காந்ததும், எங்க மாப்ள ஒரு காலத்துல எப்பேர்ப்பட்ட குடிகாரர் தெரியுமான்னு ஒங்ககிட்ட ஆரம்பிப்பார். கொஞ்சம் நம்பற மாதிரி கேட்டுக்கங்க.