ஒரே பெட்டிக்கு ரெண்டு உத்தரவு

இல்லக்கா, வேலைக்கு இல்ல. கேஎல் சென்ட்ரல்ல எறங்கி கோர்ட்டுக்குப் போறேன். வேலையவிட்டுத்தான் தூக்கிட்டாங்களே.

கம்ப்யூட்டர் வேலைதான். கிள்ளான்ல கன்டெய்னர் யார்டு. எந்தப் பெட்டிய எங்க தூக்கி வைக்கணும்னு கிரேனுக்குச் சொல்ற புரோகிராம் நான் எழுதுனது. ஸ்மால்டாக்னு ஒரு பாஷை. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க லா. அதுலயே பல வகை. நம்ம தமிழு இங்க ஒரு மாதிரி, சென்னையில ஒரு மாதிரி இல்ல? அப்படி.

ஒரு பெட்டியத் தூக்கணும்னா கம்ப்யூட்டருக்குள்ள புதுசா ஒரு வேலை உண்டாக்கணும். எங்க பழைய ஸ்மால்டாக்ல அது உண்டாகி சும்மா கெடக்கும். இனிஷலைஸ்னு நாமளே சொன்னாத்தான் தயாராகி, கிரேனோட கியூவுல போயி நிக்கும். அதனால எல்லா எடத்துலயும் நானே சொல்லி வச்சிருந்தேன்.

போன வருஷம் வேற ஸ்மால்டாக்குக்கு மாத்துனாங்க. அதுல நாம சொல்லவே வேணாம், தானாவே இனிஷலைஸ் ஆயிடும். நான் எழுதுனதும் உள்ள இருக்கா, அதனால இன்னொரு தடவ ஆகி, கியூவுலயும் ரெண்டு தடவ போயி நிக்கும். ஒரே பெட்டிக்கு ரெண்டு உத்தரவு.

சொல்லாம இருப்பேனாக்கா? மேனேஜர் சபாபதிகிட்ட, நான் எழுதுன இனிஷலைஸ எல்லா எடத்துலயும் பாத்து எடுத்துட்டு மாத்துவோம், டைம் குடுங்கன்னு கெஞ்சுனேன். ரெண்டும் ஸ்மால்டாக்தானே, டெஸ்ட்ல ஓடுதே, ஏன் சும்மா பயமுறுத்துறேன்னாரு. ஓடத்தான் செய்யும். முக்கால்வாசி எடத்துல ரெண்டு தடவ நடந்தாலும் ஒண்ணும் ஆகாது. கியூவுலதான் ஆகும்.

லோகன்னு யார்டுல வேலை செய்ற ஒருத்தன், செமினி ஊர்க்காரன். பெட்டி போயிடுச்சு, ஸ்கிரீன்லயும் முடிஞ்சதுன்னு காட்டுது. பெட்டியோட மூலையில மாட்டுற இரும்பு லாக்கு கீழ கெடந்திருக்கு, அத எடுக்க உள்ள போயிருக்கான். ரெண்டாவது உத்தரவுக்கு கிரேன் மறுபடியும் எறங்கிடுச்சு.

உயிரோடதான் இருக்கான். ஒரு கால முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க.

விசாரணையில என் பேரச் சொல்லி சபாபதி என்ன சொன்னாரு தெரியுமா? புரோகிராம் தனலெட்சுமி எழுதுனது, தப்பு அவளோடது. முன்னாடியே சொன்னாளான்னு கேட்டதுக்கு, ஒரு வார்த்தகூட சொல்லலைன்னுட்டாரு. வாய் கூசல.

இன்னைக்கு லோகன் பக்கம் நான் சாட்சி. அவரு கம்பெனி பக்கம்.

ஏன் பயப்படணும்? அவரும் இந்த ரயில்லதான் வராரு. இது லேடிஸ் கோச்சு, அதான் பக்கத்து கோச்சுல நிக்கிறாரு. அந்தா, நீலச் சட்டை. நல்லா மடிப்பு கலையாம இருக்குல்ல? காலையில நான்தான் அயர்ன் பண்ணிக் குடுத்தேன்.

ஆமாக்கா. வீட்டுக்காரர்தான்.