குறிக்காமல் விட்ட வளைவு

அந்த வண்டியின் பின்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஃபியட் 131-ஐப் பற்றிப் புத்தகம் எழுதுகிறீர்கள், முதலில் இதை எழுதுங்கள். எல்லோரும் பந்தயத்திலிருந்தே ஆரம்பித்துவிடுகிறார்கள். அது குடும்பஸ்தர்களின் கார். எங்கள் தெருவில் பல் வைத்தியரிடம் ஒன்று இருந்தது, இறைச்சிக் கடைக்காரரிடம் ஒன்று. அதே வண்டியை அகலமாக்கி, எடையைக் குறைத்து, பலமான எஞ்சின் வைத்து ஒரு நானூறு செய்தார்கள். நானூறு செய்தால்தான் ராலிப் பந்தயத்தில் விடுவார்கள் என்பது அன்றைய விதி. மூன்று முறை உலகப் பட்டம் வாங்கிய வண்டி. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நீங்கள் கேட்க வந்தது எவாசியோவைப் பற்றி. எனக்கு எண்பத்து மூன்று வயதாகிறது, சொல்வதற்கென்ன.

எங்கள் ஊரான அஸ்தியில் ஒரு ஒயின் வியாபாரி சொந்தமாக அணி நடத்தினார். அதில் எவாசியோ ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு வாசிப்பேன். ஆறு வருடம் அப்படி. பந்தயத்துக்கு முன்பே பாதையைப் போய்ப் பார்த்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு எண் போட்டு நோட்டில் எழுதிக்கொள்வோம். ஒன்று என்றால் ஊர்ந்து போக வேண்டும். ஆறு என்றால் மிதித்த காலை எடுக்க வேண்டாம். அந்த வேகத்தில் ஓட்டுகிறவன் கண்ணை நம்பி ஓட்ட முடியாது. பக்கத்துக் குரலை நம்பித்தான் ஓட்டுவான். நான் என் மனைவி ஜெம்மாவோடு நாற்பது வருடம் வாழ்ந்தேன், அந்த நம்பிக்கையை வீட்டில் பார்த்ததில்லை.

எழுபத்தேழு நவம்பரில், 'இடது இரண்டு, போகப் போகக் குறுகும்' என்று தெளிவாக வாசித்தேன். அவன் ஐந்துக்குப் போகிற மாதிரி போனான். ஒரு கஷ்கொட்டை மரத்தில் மோதினோம். அவனுக்குக் கீறல்கூட இல்லை, எனக்கு இடுப்பெலும்பு போயிற்று. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தல்மாஸ்ஸோ, நீ தப்பா வாசிச்சேன்னு சொல்லிடுடா. என் தப்புன்னா மொதலாளி என்னைத் தூக்கிருவாரு. உனக்கு எப்படியும் இது ஆற ஒரு வருஷம் ஆகும். ஆறினதும் என் பக்கத்துல நீதான். எங்கம்மா மேல சத்தியம்."

சொன்னேன். ஜெம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அவள் வாயில் ரகசியம் தங்காது, உண்மை தெரிந்தால் மறுநாளே அஸ்தி முழுக்கத் தெரிந்துவிடும்.

இடுப்பு ஆறி நான் திரும்பியபோது என் இடத்தில் ஃப்ளாவியோ என்று ஒருவன் இருந்தான். "அவன் பழகிட்டான்டா, இப்பப் போய் மாத்தினா நல்லாருக்காது" என்றான் எவாசியோ. எனக்குப் பனி பார்க்கும் வேலை கொடுத்தார்கள். குளிர்காலத்தில் பந்தயத்துக்காக ரோட்டை மூடுவதற்கு முன் ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவர் போய், எங்கெங்கே தண்ணீர் உறைந்து கிடக்கிறது என்று அன்றைய நோட்டில் சிவப்புப் பென்சிலால் குறித்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் கொடுத்ததும் 131தான், சாதாரணமானது. இறைச்சிக் கடைக்காரர் வைத்திருந்த அதே சாம்பல் நிறம்.

நான் முணுமுணுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் குறித்துக் கொடுத்தேன், ஒன்றுகூடத் தப்பாமல்.

எழுபத்தொன்பது பிப்ரவரியில், ராலிக்கு முந்தைய ஞாயிறு, முதலாளி வீட்டில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. நடுவில் பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கொதிக்கிற சட்டி. எல்லோரும் அதே சட்டியில் காய்கறியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். எவாசியோ நிருபர் ஒருவருக்கு அந்த விபத்தைச் சொன்னான்.

"ரெண்டுன்னு எழுதியிருக்கு, ஐயா அஞ்சுன்னு வாசிக்கிறாரு. நானும் நம்பிப் போறேன். மரம் வருது. மரத்துக்கு நம்பர் போடலையேடான்னு கேட்டேன்."

மேசையே சிரித்தது. ஜெம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எவாசியோ என் தோளைத் தட்டினான். அவன் முகத்தில் துளி உறுத்தல் இல்லை. அப்போதுதான் புரிந்தது, அவன் நடிக்கவில்லை, அதை உண்மை என்றே நம்பிவிட்டான். என் இடத்தை எடுத்துக்கொண்டதைக்கூடப் பொறுத்திருப்பேன். நான் அவனுக்காகச் செய்தது அவன் நினைவிலேயே இல்லை என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

பந்தய நாள் காலையில் என்னோடு வர வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். நான் தனியாகப் போனேன். கணவாய்க்கு அந்தப்புறம் இறக்கத்தில், நேர்ப்பாதை முடியும் இடத்தில் வலதில் ஒரு வளைவு. வெயிலே படாத இடம். மேலே ஊற்று நிரம்பி வழிந்து, ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கண்ணாடி போல உறைந்திருந்தது. இறங்கி நடந்தேன், வழுக்கி விழப்பார்த்தேன். நோட்டை எடுத்தேன். மேலே உள்ள ஒன்பது இடங்களைச் சரியாகக் குறித்திருந்தேன். இந்தப் பக்கத்தை மட்டும் அப்படியே திருப்பினேன். பொய்யாக எதுவும் எழுதவில்லை, அதைக் கவனியுங்கள்.

புறப்படும் இடத்தில் ஃப்ளாவியோ நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டான். "எறக்கத்துல சிவப்பே இல்லையேண்ணே?"

"நோட்டுல இருக்கறதுதான்" என்றேன்.

"இவனுக்குக் கழுகுக் கண்ணுடா. வாசிக்கிறதுலதான் கோளாறு" என்றான் எவாசியோ. சிரித்துக்கொண்டே, ஏற்றத்தில் நிதானமாகப் போனால் போதும் என்று காய்ந்த ரோட்டுக்கான டயர்களை மாட்டச் சொன்னான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வாய் திறந்திருப்பேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஃப்ளாவியோவுக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை. ஆனால் அவன் உட்கார்ந்திருந்தது என் இடம்.

பிறகு காட்டுப் பாதையில் நடந்து அந்த வளைவுக்குப் போனேன். இடுப்பு வலியோடு முக்கால் மணி நேரம். வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு குடும்பம் போர்வை விரித்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. இரண்டு குழந்தைகளோடு ஏழு பேர். மேட்டின் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். முன்னால் போன ஆறு வண்டிகளும் அங்கே வேகம் குறைத்து ஊர்ந்துதான் போயிருந்தன. அவர்கள் நோட்டுகளில் சிவப்பு இருந்தது.

"எல்லாரும் மெதுவாத்தானே போறாங்க, எதுக்குங்க நகரணும்?" என்றார் அந்தக் குடும்பத்தின் தகப்பன்.

"அடுத்தது மெதுவாப் போகாது" என்றேன். சின்னக் குழந்தையை நானே தூக்கிக்கொண்டு ஏறினேன்.

வண்டி நேர்ப்பாதையில் வந்த சத்தம் அழகாக இருந்தது. போர்வை கிடந்த இடத்தின் மேலேயே போய், பள்ளத்தில் விழுந்தது. இருவரும் உடனே இறந்துவிட்டார்கள். நான் போன பிறகுதான் ஊற்று வழிந்திருக்கும், மற்ற அணிகளின் ஆட்கள் எனக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்கள் என்று அணியில் முடிவு செய்தார்கள். இரங்கல் கூட்டத்தில் முதலாளி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இத்தனை வருடமாக நிம்மதியாகத்தான் தூங்குகிறேன். ஒரு பக்கத்தைக் காலியாக விட்டேன், மற்றதை ரோடு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன், அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தக் குடும்பத்தை எதற்காக மேட்டில் ஏற்றினீர்கள் என்று கேட்கிறீர்கள். இதென்ன கேள்வி. அங்கேயே இருந்திருந்தால் செத்திருப்பார்களே.