ஒன்றாம் எண் நாணயம்

இந்த அறையின் குழல்விளக்கு நாணயம் பார்ப்பதற்கு ஏற்றதல்ல, மேடம். வெளிச்சம் மேலிருந்து நேராக விழுகிறது. பக்கவாட்டில் ஒரு மேசைவிளக்கு இருந்தால்தான் வெள்ளியில் உள்ள முகங்கள் எழுந்து நிற்கும். உங்கள் ஆள் நாணயம் இருந்த அந்தப் பையைத் தூக்கிக் காட்டும்போது கண்ணைச் சுருக்கினார். அவர்மேல் குற்றமில்லை.

என் பெயர் டெஸ்மண்ட் ட்ரான்டர். பிறந்தது, வேலை பார்த்தது, ஓய்வுபெற்றது எல்லாம் இதே பர்மிங்காமில்தான். இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் இருந்தேன். ஸ்லாக் பிஷப் இசைக்குழுவை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்டனில் ஒரு பப்பின் மாடியில் அவர்கள் முதன்முதலாக வாசித்தபோது நானும் நெவில் பாக்னலும் முன்வரிசையில் நின்றோம். நாள் முழுக்க நாங்கள் கேட்டுச் சலித்த சம்மட்டிச் சத்தத்தை யாரோ பாட்டாக்கி எங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நான் அழுதேன். நெவில் என் முதுகில் பியரைக் கொட்டினான்.

அன்றிலிருந்தே அவன்தான் என் நண்பன். என் மனைவி பெரில் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவனும் அவன்தான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தான். அவனைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இந்த வருடம் குழுவுக்கு ஐம்பதாவது ஆண்டு. அதற்காக வெள்ளி நாணயம் அடித்தார்கள். குழுவில் உள்ள நால்வரின் முகமும் பனி படர்ந்த மாதிரி வெண்மையாக இருக்கும். சுற்றியுள்ள இடம் கண்ணாடி மாதிரி மின்னும். அந்தக் கண்ணாடியில் விரல் பட்டால் வியர்வை வெள்ளிக்குள் இறங்கிவிடும். பிறகு எதைப் போட்டாலும் போகாது. துடைத்தால் இன்னும் மோசம், மயிரிழைக் கீறல்கள் விழுந்துவிடும். பருத்திக் கையுறை போட்டு, விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். நாணயம் சேர்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. விளிம்பில் 1 என்று பொறித்த நாணயத்தை ரசிகர் மன்றம் குலுக்கலில் கொடுத்தது. அது நெவிலுக்கு விழுந்தது. சாவியாலேயே காது குடைகிறவனுக்கு.

எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வியாழக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் மீனும் சிப்ஸும் பிரித்து வைத்திருந்தான். வினிகர் வாடை. அந்தக் காகிதத்துக்குப் பக்கத்திலேயே நாணயம், பிளாஸ்டிக் கூட்டை விட்டு வெளியே, ஒரு மரக்கட்டையின் மேல் கிடந்தது. அதன் அருகில் துளை போடும் இயந்திரம், ஒரு கூர் உளி, சுத்தியல்.

"வாடா டெஸ். மூஞ்சிய ஏன் இப்படித் தொங்கப் போட்டுருக்க? சிப்ஸ் எடுத்துக்க."

"நெவ், மாத்திக்கலாமா? என் காயினையும் தரேன், அந்தப் பழைய டூர் ஜாக்கெட்டையும் தரேன்."

"உன் ஜாக்கெட்டா? அதுக்குள்ள நான் குடும்பமே நடத்தலாம்டா." வாய் நிறைய மீனோடு சிரித்தான். "மாத்துறதுக்கெல்லாம் இல்ல. சனிக்கிழம கச்சேரிக்கு இத சங்கிலில கோத்துக் கழுத்துல மாட்டிட்டுப் போறேன். ஓட்ட போடத்தான் இதெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்."

"ஓட்டையா?"

"பின்ன? டப்பால பூட்டி வச்சா யாருடா பாப்பா? நம்ம பசங்க காசுடா இது. ஆடணும், வேர்க்கணும், அதுவும் நம்மகூடக் குதிக்கணும். பயப்படாத, பாதிக் கச்சேரி நீ போட்டுக்க."

பாதிக் கச்சேரி எனக்கு. அவன் மனது அப்படி.

துளை போடுமுன் உளியால் ஒரு குழி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரத்தின் முனை வழுக்கும். பாடகரின் நெற்றிக்கு மேலே உளியை வைத்தான். அவன் கை நடுங்கியது, வயதாகிவிட்டது. நான் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"கொடு நெவ், நான் அடிக்கிறேன்."

"அடி, அடி. உன்னுது ஃபவுண்டரிக் கை," என்று சந்தோஷமாகச் சுத்தியலைக் கொடுத்துவிட்டு, உளியைப் பிடித்தபடி தலையைக் குனிந்தான்.

முதல் அடி காதுக்கு மேலே. அவன் விழவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தான், ஏதோ கைதவறிப் பட்டுவிட்டது என்று நினைத்தவன் மாதிரி. "டெஸ், எம்மேல பட்டுருச்சுடா," என்றான். அடுத்தது நெற்றியில். மண்டை ஓடு உள்ளே போகும்போது ஒரு சத்தம் வரும், மேடம், காய்ந்த களிமண் அச்சு உடைவது போல. அவன் நாற்காலியோடு சாய்ந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நிறுத்தினேன். எத்தனை என்று எண்ணவில்லை. உங்கள் டாக்டர் எண்ணியிருப்பார்.

பிறகு சுத்தியலைக் கழுவினேன். தரையைத் துடைத்தேன், சிங்க்கைத் தேய்த்தேன், கையுறையையும் என் சட்டையையும் எரித்தேன். மிச்சமிருந்த சிப்ஸைக்கூடக் குப்பையில் போட்டேன். கழுவுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

நாணயத்தின் மேல் நெவிலின் ரத்தம் தெறித்திருந்தது. பாடகரின் கன்னத்தில் ஒரு துளி, கண்ணாடிப் பரப்பில் கொஞ்சம். அதை விளிம்பில் பிடித்துத் தூக்கி, அப்படியே கூட்டில் போட்டு மூடி, வீட்டுக்குக் கொண்டுவந்து என் பீரோவில் வைத்தேன். நீங்கள் அங்கிருந்துதான் எடுத்தீர்கள். குழாயடியில் ஒரு நிமிடம் காட்டியிருந்தால் உன்னைப் பிடித்திருக்கவே முடியாதே என்று உங்கள் ஆள் கேட்டார். நாணயத்தின் அருமை தெரியாத யாராவது இதைச் செய்திருந்தால் கழுவியிருப்பார். எனக்குக் கை வரவில்லை. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் தடம் விழும், மேடம்.

நெவில் பாக்னலைக் கொன்றது நான்தான். பெரிலையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். குழுவின் இருபத்தைந்தாம் ஆண்டு வெள்ளிப் பதக்கத்தை என் பிறந்தநாளுக்கென்று பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள், பாவம். மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டு, "எப்படி மின்னுது பாத்தீங்களா?" என்று நீட்டினாள். பதக்கம் கீழே விழுந்துவிடக் கூடாதே என்று முதலில் அதை வாங்கிக்கொண்டேன். பிறகுதான் தள்ளினேன்.

இப்போது என் கவலை ஒன்றுதான். பரிசோதனைக்கூடத்தில் ரத்தத்தைப் பஞ்சால் எடுப்பார்களாம். தேய்க்க வேண்டாம், மெல்ல ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். என்னை முரடன் என்று பத்திரிகையில் எழுதுவார்கள், எழுதட்டும். நீங்களாவது அந்த நாணயத்தை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எங்கேயாவது ஒரு கீறல் இருக்கிறதா?